சொல்லிக்கொடுக்காத சாட்சி

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே சாரல். மலை கண்ணுக்கே தெரியவில்லை. துணி காயாமல் வீடெல்லாம் ஈர வாடை.

வேலைகள்: கேஸ் சிலிண்டர் பதிய. மோட்டார் ஸ்விட்ச் மாற்ற. செண்பகத்துக்குக் கண்ணாடி பிரேம். திருவனந்தபுரத்துக்குப் போன்.

போன் அவர்களே பண்ணிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சிந்து என்று ஒரு பெண், ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கும் வேலை அவளுடையது. மலையாளம் கலந்த தமிழ். "சாரே, பதினெட்டாம் தேதி வரணும். பேஷண்டும் வரணும், கூட உள்ள ஆளும் வரணும்." பேஷண்ட் என்றதும் ஒரு மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரியை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

திருநெல்வேலி டாக்டர் சொன்னதை எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும். செண்பகத்துக்கு அல்சைமர், ஆரம்பக் கட்டம். மூளையில் ஒரு புரதம் கறை மாதிரி படிகிறது. அதை அகற்ற ஆன்டிபாடி மருந்து வந்திருக்கிறது, நரம்பில் ட்ரிப்பாக ஏற்றுவார்கள். ஆனால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் அது லேசில் நுழையாது. நுழைய வைக்க ஒரு புது வழியைத் தி'புரத்தில் சோதித்துப் பார்க்கிறார்கள். ஆரம்பக் கட்டத்துக்காரர்களை மட்டும்தான் எடுப்பார்கள். "மார்க் ரொம்ப இறங்கிட்டா எடுக்கமாட்டாங்க சார், சீக்கிரம் போங்க" என்றார்.

மார்க். அறுபத்திரண்டு வயதில் அவளுக்குப் பரீட்சை.

ரசத்தில் இரண்டு தடவை உப்பு. ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

வெயில் வந்தது. மெத்தையைத் தூக்கிக் காயப்போட்டேன்.

இந்த விஷயத்தில் சும்மா உட்காரப்போவதில்லை என்று முடிவு. போலீஸ் சர்வீஸில் பாதி கோர்ட் டூட்டி பார்த்தவன் நான். சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன், எதிரே டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது கோர்ட் ஏட்டின் வேலை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது, எங்கும் நடக்கும். எங்கே நின்றாய், வெளிச்சம் எந்தப் பக்கம், அரிவாள் எந்தக் கையில். கேட்டதுக்கு மட்டும் பதில். சிக்கலான கேள்வி வந்தால் "ஞாபகம் இல்லை" என்று சொல்லித் தப்பித்துக்கொள். எத்தனையோ கேஸில் கைகொடுத்த பதில் அது.

இந்தக் கேஸில் அதைத்தான் சொல்லக்கூடாது.

திருநெல்வேலி டாக்டர் சோதித்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஐந்து வார்த்தை சொன்னார். வேறு ஏதோ பேசினார். பிறகு அந்த ஐந்தைத் திருப்பிக் கேட்டார். அவளுக்கு இரண்டுதான் வந்தது. ஐந்தையும் நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன், பழக்கதோஷம். குடை, மாம்பழம், ரயில், கிணறு, பச்சை.

இன்று முதல் பாடம். காபிக்கு முன்னால் ஒரு தடவை, தோசைக்குப் பிறகு ஒரு தடவை.

"ஏங்க, அங்கன்வாடியில நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி எனக்கே சொல்லிக் குடுக்கீங்களே" என்று சிரித்தாள். வேலையில் இருந்தவரை ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு இவள்தான் டீச்சர்.

"சிரிக்காத. ரயிலுக்கு அடுத்து என்ன?"

"ஸ்டேஷன்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு வகுப்பு முடிந்தது.

ஜூன் 14, சனி

திரும்பவும் சாரல். குற்றாலம் ரோட்டில் வெளியூர் வண்டி நெருக்கடி. தேங்காய் எண்ணெய் வாங்கப் போய் ஒரு மணி நேரம் போய்விட்டது.

வார்த்தைகள் ஐந்தும் வருகின்றன. வரிசையாகவே வருகின்றன. கடிகாரப் படமும் போட வைத்தேன், பத்து ஐந்து. முள் இரண்டும் சரி. தேதி, கிழமை, மாவட்டம் என்று எதையும் விடவில்லை. தேதியைப் பேப்பரில் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். மாவட்டம் திருநெல்வேலி என்கிறாள். தென்காசி தனி மாவட்டமாகி எத்தனை வருஷம் ஆச்சு என்றால், "நான் வேலை பார்க்கும்போது திருநெல்வேலிதான்" என்கிறாள். அதுவும் உண்மைதான்.

தி'புரத்திலிருந்து காகிதம் எல்லாம் போனில் வந்தது. தமிழில்தான். ஜெராக்ஸ் கடையில் எடுத்தேன், கல்யாண ஆல்பம் கனம். தனியாக உட்கார்ந்து படித்தேன். மருந்தால் மூளையில் வீக்கம் வரலாம். ரத்தம் கசியலாம். பெரும்பாலும் தானே சரியாகும். அபூர்வமாக உயிருக்கு ஆபத்து.

அவளிடம் சொல்லவில்லை. "குளுக்கோஸ் ஏத்துத மாதிரிதான்" என்றேன். காகிதம் என் பழைய டிரங்குப் பெட்டியில்.

கோவையிலிருந்து கோமதி பேசினாள். மகளுக்கும் அதையேதான் சொன்னேன். "அப்பா, நீங்க நல்லாப் படிச்சுப் பார்த்தீங்கள்லா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். அது பொய்யில்லை.

ஜூன் 19, வியாழன்

நேற்று தி'புரம் போய்விட்டு வந்தோம். உடம்பெல்லாம் வலி. மனசு அதைவிட.

கடையநல்லூர் மைதீன்தான் கார் ஓட்டினான். கல்ஃபில் ரொம்ப நாள் டிரைவர், மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. புளியரை தாண்டியதும் மழை. ஆரியங்காவில் காபி. போகும் வழியெல்லாம் செண்பகத்திடம் கேட்டுக்கொண்டே போனேன். குடை, மாம்பழம். மைதீனுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. "அண்ணாச்சி, இனி நானே பரீட்சை எழுதிருவேன்" என்றான்.

டாக்டரம்மா சின்ன வயசு. என் மகளைவிட இளையவளாக இருப்பாள். நாகர்கோவில் பக்கம் என்றாள், தமிழ் நன்றாக வந்தது. ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள். மூளையில் ஓடும் ரத்தக்குழாய்க்குச் சுவர் ரொம்ப நெருக்கமாம். கிருமி, விஷம் உள்ளே போகக்கூடாது என்று உடம்பே கட்டிய சுவர். மருந்தையும் அது வேற்றாளாகத்தான் பார்க்கிறது. ஆன்டிபாடி உருவத்தில் பெரிது. எவ்வளவு ஏற்றினாலும் கொஞ்சம்தான் உள்ளே போகும். ஆனால் மூளைக்கு இரும்புச் சத்து வேண்டும், அதை உள்ளே கொண்டுபோக அந்தச் சுவரிலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. புது மருந்துக்கு ஒரு கை வைத்திருக்கிறார்கள், அந்த ஏற்பாட்டைப் பிடித்துக்கொண்டு அதுவும் உள்ளே போய்விடும்.

எனக்கு உடனே பிடிபட்டது. சீசனில் குற்றாலம் மெயினருவியில் தடுப்புக் கட்டி நின்றிருக்கிறேன். ஜனம் முழுக்க வெளியே நிற்கும். நம்ம ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்தவன் மட்டும் உள்ளே போய்விடுவான். டாக்டரம்மாவிடம் சொன்னேன். "இதை நான் இனி எல்லாருக்கும் சொல்லுவேன் சார்" என்றாள். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

சோதனையில் என்னையும் கூட உட்கார விட்டார்கள், வாயைத் திறக்கக்கூடாது என்று. டாக்டரம்மா ஐந்து வார்த்தை சொன்னாள். வேறு வார்த்தைகள். வேறு பேச்சுப் பேசிவிட்டு, "நான் சொன்ன அஞ்சு வார்த்தை என்னம்மா?" என்று கேட்டாள்.

செண்பகம் நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாகச் சொன்னாள். "குடை, மாம்பழம், ரயில், கிணறு, பச்சை."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி முகம். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கடிகாரம் போடச் சொன்னதும் கேட்ட மணியை விட்டுவிட்டுப் பத்து ஐந்து போட்டாள்.

டாக்டரம்மாவுக்குப் புரிய நேரமாகவில்லை. செண்பகத்தை சிந்துவுடன் வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டாள். "வீட்டுல பழக்கிக் கூட்டிட்டு வந்தீங்களா சார்?"

எத்தனை வக்கீல் குறுக்கு விசாரணையைப் பார்த்தவன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

கோபப்படவில்லை அவள். கோபப்பட்டிருந்தால் தேவலை. "மருந்து ஏத்துன பிறகு மூளையில வீக்கம் வந்தா, முதல்ல பேச்சு தடுமாறும், குழப்பம் வரும். நாங்க இங்க இருக்கோம். அதை முதல்ல பார்க்கப் போறது நீங்கதான். நீங்க அவங்களுக்காக மூடி மறைச்சீங்கன்னா அவங்களைக் காப்பாத்த எங்களால முடியாது." பிறகு சொன்னாள்: இந்த மார்க் செல்லாது. ஒரு மாதம் கழித்து வேறு தாள். அதற்குள் ரொம்ப இறங்கிவிட்டால் எடுக்க முடியாது, விதி அப்படி.

ஒரு மாதம். நான் பண்ணின காரியத்துக்கு அவள் கட்டும் அபராதம்.

சோதனை அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. வீக்கம் என்ற பேச்சு வெளியே கேட்டிருக்கிறது. காரில் ஏறினதும் செண்பகம், "குளுக்கோஸ்னு சொன்னீங்க" என்றாள். பிரானூர் பார்டரில் பரோட்டா வாங்கவா என்று மைதீன் கேட்டான். ரெண்டு பேரும் வேண்டாம் என்றோம்.

ஜூன் 21, சனி

மழை இல்லை, காற்று மட்டும். முருங்கைக் கிளை ஒடிந்து விழுந்தது.

காலையில் கேட்டாள். "அந்தக் காகிதத்தை எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் வரி பிடித்துப் படித்தாள். ஒரு பக்கம் படிக்க வெகுநேரம். இரண்டாம் பக்கம் போனதும் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். கடைசியில் என்னிடமே கொடுத்தாள். "நீங்களே சொல்லுங்க. ஒண்ணும் விடாதீங்க."

சொன்னேன். இந்த மருந்தால் மறந்தது எதுவும் திரும்ப வராது. இனிமேல் போகிற வேகம் குறையலாம், அவ்வளவுதான். வீக்கம் வரலாம். கசிவு வரலாம். அதற்காக அடிக்கடி ஸ்கேன். இரும்புச் சத்து குறையலாம், அதற்கு ரத்தப் பரிசோதனை. புது மருந்து என்பதால் இன்னும் என்னென்ன வரும் என்று அவர்களுக்கே முழுசாகத் தெரியாது. பாதிப் பேருக்கு மருந்து இல்லாத வெறும் உப்புத் தண்ணீர்தான் ஏறும், யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது.

"செத்துப்போவேனா?"

"அபூர்வமா அப்படியும் ஆகியிருக்குன்னு போட்டிருக்கு."

சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தாள். முகம் வெளுத்துவிட்டது. பயந்தாள், நன்றாகத் தெரிந்தது. பிறகு சொன்னாள்: "போட்டுப் பாப்போம். சும்மா இருந்தாலும் போகத்தானே போகுது. ஆனா நான் போதும்னா போதும். அப்புறம் ஒரு ஊசி ஏறக்கூடாது."

சரி என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க."

"சரி."

கோமதிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ரெண்டு நாள் என்னோடு பேசமாட்டாள். நியாயம்தான்.

ஜூன் 25, புதன்

ஐந்தருவியில் நல்ல தண்ணீர் என்று பேச்சு. செண்பகத்துக்குக் குளிக்க ஆசை. கூட்டம் அதிகம் என்று மெயினருவிக்குக் கூட்டிப்போனேன். அங்கேயும் கூட்டம்தான்.

ஒரு விஷயம் யோசிக்காமல் போய்விட்டேன். பெண்கள் பக்கம் தனி. நான் உள்ளே போக முடியாது. இத்தனை வருஷம் அந்தத் தடுப்புக்குப் பக்கத்திலேயே டூட்டி பார்த்தவனுக்கு, அது இவ்வளவு பெரிய தடுப்பு என்று இன்றுதான் தெரிந்தது. எண்ணெய் தேய்த்த தலையோடு "இந்தா வாரேன்" என்று போனாள்.

வரவில்லை. ஈரச்சேலையோடு வருகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்க்கிறேன். வயசான மனுஷன் இப்படிப் பார்த்தால் ஜனம் என்ன நினைக்கும். ஒருத்தி முறைத்தாள். கடைசியில் அங்கே நின்ற பெண் போலீஸிடம் போய், நான் ரிட்டயர்டு எஸ்.எஸ்.ஐ., என் வீட்டம்மாவுக்கு ஞாபக மறதி என்றேன். வெளி ஆளிடம் இதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, ஒரு கேள்வி கேட்கவில்லை, உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தாள்.

உள்ளே இல்லை. கீழே கடைப் பக்கம் இருந்தாள். இலத்தூர்க் குடும்பம் ஒன்று விரிப்பு விரித்துப் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நடுவில் செண்பகம், அவர்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அவர்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. "எங்க போறதுன்னு தெரியாம நின்னாவ அண்ணாச்சி, அதான் கூட்டிட்டு வந்துட்டோம்" என்றாள் அந்த வீட்டுப் பெண். எனக்கும் ஒரு தட்டு கொடுத்தார்கள். சாப்பிட்டேன். புளியோதரை நன்றாக இருந்தது.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன், பயந்தியா என்று. "மொதல்ல பயந்தேன். அப்புறம் எதுக்குப் பயந்தேன்னு மறந்துட்டு" என்றாள். சிரித்துக்கொண்டே. ஆட்டோக்காரரும் சிரித்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இதை டாக்டரிடம் சொல்லணுமா? சொன்னால் மார்க் குறையுமா? வழி முழுக்க அதே யோசனை.

ஜூன் 28, சனி

சாரல். மங்குஸ்தான் வாங்கினேன், பாதி அழுகல்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பி, "அந்த ட்ரிப் ஊசியில ஆபத்து ஏதும் உண்டா?" என்று கேட்டாள்.

புதுசாகக் கேட்கிற மாதிரியே கேட்டாள். போன சனிக்கிழமை பேசினது, சத்தமாகச் சொல்லுங்க என்றது, எதுவுமே அவளிடம் இல்லை.

உட்காரவைத்து மறுபடி சொன்னேன். மறுபடி அதே வெளுத்த முகம். அதே தலைப்பு, அதே விரல். செத்துப்போவேனா என்ற கேள்விகூட அதே. ஒரு ஆளை ஒரே செய்தியால் இரண்டு தடவை பயமுறுத்துவது பாவம். சர்வீஸில் சாவுச் செய்தி கொண்டு போயிருக்கிறேன், ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான்.

அப்புறம் சொன்னாள்: "போட்டுப் பாப்போம். ஆனா நான் போதும்னா போதும்."

ஜூலை 2, புதன்

மோட்டார் மறுபடி மக்கர். எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறேன் என்கிறார். மூன்று நாளாக நாளைக்கு.

கோமதி வந்திருக்கிறாள், ரெண்டு நாள் லீவு. அம்மாவும் மகளும் கட்டிலில் படுத்துக்கொண்டு ஏதோ குசுகுசு. நான் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். "என்ன ரகசியம்?" என்றால், "உங்களைப் பத்திதான்" என்கிறாள் மகள். பேச ஆரம்பித்துவிட்டாள், அது போதும்.

வார்த்தைப் பாடம் அடியோடு நிறுத்தியாச்சு. ஆனால் அவள் நிறுத்தவில்லை. கொடியில் துணி போடும்போது வாய்க்குள் குடை, மாம்பழம் என்று ஓடுகிறது. சொல்லிக்கொடுத்தது போகவே மாட்டேன் என்கிறது, வாழ்ந்தது போகிறது.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். கோமதி ஞாயிறு ஊருக்குப் போய்விட்டாள். வீடு ஓய்ந்து கிடக்கிறது.

தோசைக்கு நடுவில் கேட்டாள். "ஏங்க, நாம போற ஆஸ்பத்திரியில போடுத மருந்துக்கு ஆபத்து உண்டா?"

இந்தத் தடவை வாயில் வந்துவிட்டது, ஒண்ணுமில்ல, சாப்பிடு என்று. யாருக்குத் தெரியும்? அவளுக்கு நாளைக்கு ஞாபகம் இருக்காது. ஒரு தோசையை நிம்மதியாகத் தின்னட்டும். அன்பு என்று நினைத்துத்தான் யோசித்தேன். குளுக்கோஸ் என்று சொன்னபோதும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன். வீக்கம், கசிவு, ஸ்கேன், உப்புத் தண்ணீர், சாவு. அவள் பயந்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன். காத்திருந்தேன். நான் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"சும்மா இருந்தாலும் போகத்தானே போகுது. போட்டுப் பாப்போம்" என்றாள். "ஆனா நான் போதும்னா விட்டுரணும்."

மூன்று தடவை. ஒன்று ஒன்றுக்கு நடுவில் பழசு எதுவும் நினைவில் இல்லாமல், மூன்று தடவையும் ஒரே வாக்குமூலம். கோர்ட்டில் இதைப் பார்த்திருக்கிறேன், ரொம்ப அபூர்வம். சொல்லிக்கொடுத்த சாட்சி மூன்றாம் கேள்வியில் உளறிவிடும். உள்ளது உள்ளபடி சொல்கிற சாட்சியை எந்த வக்கீலாலும் அசைக்க முடியாது. இவள் மனசில் இருப்பது இதுதான். மறதி அதைத் தொடவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தோசைக்கு வெங்காயம் போட்டீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வெறும் தோசைதான்.

ஜூலை 15, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. கரண்ட் இல்லை, மதியம் வரை. பேங்க்கில் கூட்டம், திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த திங்கள் தி'புரம். மைதீனிடம் சொல்லியாச்சு. "மதினிக்கு எங்க பள்ளிவாசல்ல துவா கேட்டிருக்கேன் அண்ணாச்சி" என்றான். இவள் இலஞ்சிக் கோயில் குமாரருக்கு நேர்ந்திருக்கிறாள், எதற்கு என்று மறந்துவிட்டாள். அவருக்கு ஞாபகம் இருக்கும் என்கிறாள்.

நேற்று என் தங்கச்சி வந்திருந்தாள், செண்பகம் அவளைக் கொஞ்ச நேரம் கோமதி என்று கூப்பிட்டாள். எழுதிவைக்கிறேன், டாக்டரிடம் சொல்ல.

ஜூலை 22, செவ்வாய்

நேற்று முழுக்க தி'புரம். இன்று சாயங்காலம்தான் எழுத முடிந்தது. சாரல் விடவில்லை.

காலையில் சோதனை. நான் வெளியே. கதவைச் சரியாகச் சாத்தினார்கள், நானே இழுத்துப் பார்த்தேன். அதே நேரம் சிந்து என்னை வேறு அறையில் வைத்து விசாரித்தாள், பெரிய கேள்வித்தாள். வீட்டில் வழி தவறுவாரா? வேலைகளை முடிப்பாரா? ஆட்களைக் குழப்பிக்கொள்வாரா? அருவியில் நடந்ததைச் சொன்னேன். தங்கச்சி விஷயத்தைச் சொன்னேன். ரசத்து உப்பைக்கூடச் சொன்னேன். என் வீட்டுக்காரிக்கு எதிராக நானே சாட்சி சொல்கிற மாதிரி இருந்தது. சிந்து எழுதிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றுக்கும் மார்க் குறைகிறதா கூடுகிறதா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

மதியம் டாக்டரம்மா கூப்பிட்டாள். எல்லைக்குள் இருக்கிறாளாம். ஓரத்தில்தான், ஆனாலும் உள்ளே. வெளியே காரில் இருந்த மைதீனுக்குத்தான் முதலில் போன் பண்ணிச் சொன்னேன். இன்னும் ஸ்கேன், ரத்தம், மரபணுச் சோதனை எல்லாம் சரியாக இருந்தால்தான் மருந்து.

அதற்கு முன் சம்மதம். காகிதத்தில் கையெழுத்து மட்டும் போதாது, வீடியோ எடுப்பார்கள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள், பேசக்கூடாது. காமிராவைப் பார்த்ததும் செண்பகம் சேலையைச் சரிபண்ணினாள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் மறுபடி நிதானமாக விளக்கினாள். பிறகு, "நீங்க புரிஞ்சுக்கிட்டதை உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா."

மருந்து பேர் வரவில்லை. ஆஸ்பத்திரி பேர் வரவில்லை. எந்த ஊர் என்றதற்கு மலையாளத்து ஊர் என்றாள். என் நாக்கு நுனியில் எல்லாம் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"என் மூளைக்குள்ள ஒரு மருந்தை அனுப்பப் போறீங்க. லேசுல போகாது, அதுக்கு ஒரு வழி வச்சிருக்கீங்க. மறந்தது திரும்பாது. இருக்குதது இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம். வீங்கலாம், ரத்தம் வரலாம், செத்தும் போகலாம். வெறும் தண்ணியாவும் இருக்கலாம். எல்லாம் தெரிஞ்சுதான் போடச் சொல்லுதேன்." மூச்சு விட்டுக்கொண்டு, "நான் போதும்னா போதும்" என்றாள்.

நாலாவது தடவை. எனக்கு எழுந்து நிற்கணும் போல இருந்தது.

டாக்டரம்மா அடுத்த கேள்வியைக் கேட்டாள். "பிறகு ஒரு காலத்துல உங்களால முடிவெடுக்க முடியாமப் போனா, உங்களுக்காக யார் முடிவு எடுக்கணும்மா?"

நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன்.

"என் மக கோமதி" என்றாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "சார் வேண்டாமா?"

"இவுக என்னை விடமாட்டாக டாக்டர். நான் படுத்த படுக்கையாக் கிடந்தாலும் இன்னும் ஒண்ணு போடுங்க, இன்னும் ஒண்ணு போடுங்கன்னுதான் நிப்பாக. அவுகளால போதும்னு சொல்ல முடியாது. எம் மக சொல்லிருவா. அவகிட்டக் கேட்டுட்டேன்."

குசுகுசு என்ன என்று இப்போது தெரிந்தது. அதை அவள் மறக்கவே இல்லை என்பதும் தெரிந்தது.

காமிரா ஓடிக்கொண்டிருந்தது. "சார், நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று டாக்டரம்மா கேட்டாள். சொல்ல நிறைய இருந்தது. செண்பகம் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இல்லை என்றேன்.

உடனிருப்பவர் என்று இருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அவள் தன் பேரைப் பெரிய எழுத்தில், அங்கன்வாடி டீச்சர் எழுத்தில் எழுதினாள். காரில் ஏறியதும் தூங்கிவிட்டாள்.

தென்மலை தாண்டும்போது கோமதி பேசினாள். "அப்பா, ஆஸ்பத்திரியில இருந்து எனக்குப் போன் வந்துச்சு. அம்மா என்னைச் சொல்லிட்டாளா? உங்ககிட்ட ஏன்னு சொன்னாளா?"

அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். விடமாட்டேன், இன்னும் ஒண்ணு போடச் சொல்லுவேன், என்னால போதும்னு சொல்ல முடியாது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"நீங்க என்னப்பா சொன்னீங்க?" என்றாள்.

"அம்மா சொன்னது நெசம்தான்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்" என்றேன்.